தனக்கு மிஞ்சித்தான் தர்மமா?

அய்யா துணை

தாமிரபரணிக் கரையில் பழமொழி இல்லாத பேச்சு கிடையாது. பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரைக்கும், வயல் வரப்பிலும் பனங்காட்டிலும் கல்யாணப் பந்தலிலும் துட்டி வீட்டுத் திண்ணையிலும், பெரியவர்கள் ஒரு காரியத்தைப் பேசி முடிக்கும்போது ஒரு சொலவடையைச் சொல்லித்தான் முடிப்பார்கள். அதைச் சொன்னவுடன் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போவார். காரணம், அது ஒரு மனிதருடைய கருத்தாக வருவதில்லை. முன்னோர் எல்லாரும் சேர்ந்து சொன்ன தீர்ப்பாக வருகிறது.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எது உட்கார்ந்தாலும் அது தர்மத்துக்குக் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். பழமொழிக்கும் இதில் விலக்கு இல்லை.

கணவனை இழந்த ஒரு தாய், மகளின் படிப்புச் செலவுக்குக் கொஞ்சம் உதவி கேட்டு வசதியுள்ள ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர், "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் தாயீ" என்கிறார். அவர் அவளை ஏசவில்லை, விரட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பழமொழியைத்தான் சொன்னார். ஆனாலும் கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியது அந்த மனிதரா, பழமொழியா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பழமொழிகளை எப்படிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சொல்லைத் திருத்தினால் போதுமா?

தமிழில் பழமொழிகளைத் தொகுத்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியாக நானூறு பாடல்கள் கொண்டது. அதை இயற்றியவர் முன்றுறை அரையனார். பிற்காலத்தில் பெர்சிவல் பாதிரியார் மக்கள் வாயில் வழங்கியவற்றைத் திரட்டினார். 1874-இல் வெளிவந்த அவருடைய பதிப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் ஏறிய பழமொழிக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொன்னவர் யார், யாரைப் பார்த்துச் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்காது. சொல் மட்டும் தனியாக நிற்கும்.

இந்தக் காலத்தில் பலர் அந்தத் தனிச் சொல்லைத் திருத்தி உண்மைப் பொருளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். மேடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் இப்படிப்பட்ட விளக்கங்கள் நிறையவே வருகின்றன. அவற்றில் நல்லவை உண்டு. எல்லாமே நல்லவை என்று சொல்ல முடியாது.

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது ஒரு பழமொழி. குதிரை அன்று, "மண் குதிர்" என்பதே சரி, ஆற்றுக்குள் இருக்கும் மணல் திட்டை நம்பி இறங்காதே என்பதே பொருள் என்று விளக்குகிறார்கள். தாமிரபரணியை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கோடையில் ஆள் நடந்து போகிற மணல் திட்டு, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் இருந்த இடம் தெரியாமல் போகும். நெல் போட்டு வைக்கும் மண் குதிர், அதாவது இந்தப் பக்கத்துக் குலுக்கை, என்று எடுத்துக்கொண்டாலும் அது தண்ணீரில் கரையும். குதிரை என்றே வைத்துக்கொண்டாலும், குயவர் செய்து வேகவைக்காத மண் குதிரை ஆற்றில் கரையத்தான் செய்யும். மூன்று பொருளும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன: தண்ணீரில் நிற்காததைத் தண்ணீரில் நம்பாதே. இங்கே சொல்லைத் திருத்தியதால் அறிவு கூடியது, அறம் மாறவில்லை.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதை "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்று மாற்றிச் சொல்வதும் அப்படித்தான். பொதிகை மலை மூலிகைகளை அறிந்த ஊரில் அந்த விளக்கம் இனிமையாக இருக்கிறது. வேரைத் தோண்டித் தோண்டி, அரைத்து அரைத்துப் படித்தவனும் இன்னும் பாதி வைத்தியன்தான் என்று அது கல்விக்குப் பணிவைச் சொல்லிக் கொடுக்கிறது.

இன்னொன்றைப் பார்க்கலாம். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்." அடுக்களையில் நிற்கும் யாருக்கும் விளங்கும் சொல் இது. உள்ளே இல்லாதது வெளியே வராது. அன்பில்லாத நெஞ்சிலிருந்து அன்பான பேச்சு வராது. படிக்காத பிள்ளையிடம் மார்க்கு வராது. இதைச் "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று மாற்றி, சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று பொருள் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். விரதம் இருப்பவர் நம்பிக்கை அவருக்கு உரியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல வருடம் விரதம் இருந்தும் பிள்ளை இல்லாத ஒரு பெண்ணின் காதில் இந்த விளக்கம் எப்படி விழும்? உன் விரதத்தில் குறை இருக்கிறது என்றுதானே விழும்! பழைய பொருளில் யாருக்கும் வலி இல்லை. கெட்டிக்காரத்தனமான புதுப் பொருளில் ஏற்கெனவே நொந்திருப்பவளுக்கு இன்னும் ஒரு நோவு சேர்கிறது. புதிதாகச் சொல்லும் விளக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

"அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்ற பழமொழியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அடி என்பது இறைவன் திருவடி என்று பக்தர்கள் பொருள் கொள்வார்கள். மனதுக்கு இதமான பொருள்தான். ஆனால் ஒரு தகப்பன் கையில் பிரம்பை வைத்துக்கொண்டு மகனிடம் இதைச் சொன்னால், அந்தப் பிள்ளைக்குத் திருவடி நினைவுக்கு வருமா? அவன் கண்ணில் தெரிவது பிரம்பு மட்டும்தான். அதே வரி, அதே எழுத்து. சொல்லும் வாயும் கேட்கும் காதும் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ஆகவே பழமொழியின் பொருளை எழுத்தில் மட்டும் தேடக் கூடாது. அது யார் வாயிலிருந்து யார் மேல் போய் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்னோர் சொல்லைச் சோதிக்கலாமா?

"பெரியவங்க சொன்னத நிறுத்துப் பார்க்க நாம யாரு?" என்று சில அன்பர்கள் தயங்குவார்கள். மரியாதையால் வரும் தயக்கம் அது. ஆனால் முன்னோரே இதற்கு வழிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். "பதறாத காரியம் சிதறாது" என்றவர்களே "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்கள். "தன் கையே தனக்கு உதவி" என்றவர்கள்தான் "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்றும் சொன்னார்கள். ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேரை வடம் பிடித்து இழுக்கிறவர்களிடம் தன் கையே தனக்கு உதவி என்று சொன்னால் தேர் நகராது. பரீட்சை எழுதும் பிள்ளையிடம் ஊர் கூடித் தேர் இழு என்றும் சொல்ல முடியாது. எதிரெதிரான இரண்டையும் கையில் கொடுத்தவர்கள், எந்த இடத்தில் எதை எடுப்பது என்ற பொறுப்பையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

விதைநெல் எடுக்கும் முறை இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். போன பூவில் விளைந்தது என்பதற்காக எல்லா நெல்லையும் விதைக்கப் போடுவதில்லை. தூற்றி, புடைத்து, பதரையும் சொத்தையையும் நீக்கிவிட்டு மணியானதை மட்டும் எடுத்து வைப்பார்கள். அப்படிச் செய்வதால் நெல்லுக்கு அவமரியாதை இல்லை. அடுத்த விளைச்சலுக்குச் செய்யும் கடமை அது. பழமொழிகளிலும் சொத்தை உண்டு. பிறப்பைச் சொல்லி மனிதரைத் தாழ்த்துபவை, பெண்ணை மட்டந்தட்டுபவை, உடற்குறை உள்ளவரைக் கேலி செய்பவை எல்லாம் அந்த வகை. அவற்றுக்கு மறைபொருள் தேடிக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாலே போதும்.

பாத்திரம் அறிவது எப்படி?

மணியான பழமொழிகளையே தவறான கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது ஒரு பாடம். பாத்திரம் என்றால் தகுதி என்று பொருள் கொண்டு, கேட்பவன் யோக்கியனா, நம் ஆளா, எந்தக் குலம் என்று விசாரிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. விசாரணை முடிவதற்குள் பசித்தவன் போய்விடுவான்.

பாத்திரம் என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டால் வேறு வழி தெரிகிறது. கஞ்சி ஊற்றுகிறவர் பாத்திரத்தின் கொள்ளளவைப் பார்ப்பார். சின்னக் கும்பாவில் ஒரு செம்புக் கஞ்சியை ஊற்றினால் வழிந்து வீணாகும். பெரிய சட்டியோடு வருகிறவர் வீட்டில் ஐந்து பேர் காத்திருப்பார்கள், அவருக்கு ஒரு அகப்பை ஊற்றினால் போதாது. தேவையின் அளவை அறிந்து கொடு என்பதே இதன் தர்மம். ஏந்துகிறவர் பாத்திரம் மண்ணா வெண்கலமா, ஏந்திய கை யாருடையது என்று பார்ப்பது தர்மத்தில் சேராது.

ஏந்திய கை யாருடையது என்று மட்டுமே பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே, அன்றைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில், உழைக்கும் ஏழை மக்கள் தலைக்கும் பனைக்கும் வரி கொடுத்துக் கூலியில்லா ஊழியமும் செய்தார்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். பெண்கள் மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. அதைத் தளர்த்தி அரச விளம்பரம் வந்தது 1859-இல்தான். இந்தக் கொடுமைகளை எல்லாம் அவரவர்க்கு விதித்தது என்று சொல்லி ஒப்பேற்றுவதற்கும் அன்று சொலவடைகளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளிய அய்யா வைகுண்டர், இவற்றுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சுவாமிதோப்பில் முத்திரிக்கிணற்றை வெட்டச் செய்து, பதினெட்டு ஜாதி மக்களையும் அந்த ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். தலையில் துணி கட்ட விடாதவர்களைத் தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். பாத்திரத்தின் குலம் பார்க்கும் விசாரணை அந்தக் கிணற்றடியில் முடிந்துபோனது. இன்றும் தாங்கல்களில் அன்னதர்மம் நடக்கும்போது வரிசையில் நிற்பவரை யார் என்று கேட்பதில்லை. கும்பாவைப் பார்த்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள். பாத்திரம் அறிவது என்பது இதுதான்.

தனக்கு என்றால் யாருக்கு?

இப்போது வாசலில் நிற்கும் அந்தத் தாயிடம் திரும்ப வரலாம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்ற பழமொழி சொத்தையா, மணியா?

மணிதான், ஆனால் அதற்கு உரிய இடம் உண்டு. கொடை விழாவுக்குப் பேர் வர வேண்டும் என்று வட்டிக்குக் கடன் வாங்கி நன்கொடை எழுதுகிறவர்கள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் பழையது குடிக்க, வெளியே வள்ளல் என்று பெயர் எடுக்கிறவரைப் பார்த்து, "அண்ணாச்சி, தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று ஒருவர் தோளில் கை வைத்துச் சொன்னால், அது அந்தக் குடும்பத்தையே காப்பாற்றும் சொல். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பதும் அவருக்கு உதவும். அளவு தெரியாத கொடை ஆற்றில் போட்டதற்குச் சமம்.

இதையே வசதியுள்ளவர் தனக்குக் கவசமாகச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. மிஞ்சுவது என்றால் எவ்வளவு? பசிக்கு அளவு உண்டு. ஒரு வயிறு ஒரு நாழி அரிசிக்குமேல் கேட்காது. ஆசைக்கு அப்படி ஒரு அளவு கிடையாது. ஆசையைத் "தனக்கு" என்ற இடத்தில் உட்கார வைத்துவிட்டால், எத்தனை வந்தாலும் மிஞ்சாது. ஆகவே தர்மம் செய்யும் நாளும் வராது.

இதைத் தாமிரபரணியின் தண்ணீர் முறையில் கண்கூடாகப் பார்க்கலாம். சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மேலே உள்ள கால் குடித்ததுபோக மிஞ்சியதுதான் கீழே வரும். மேல்மடைக்காரர் தன் பயிரைக் காயவிட்டுக் கீழே தண்ணீர் விட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவர் வயல் நனைவது நியாயம். ஆனால் கார், பிசானம் இரண்டும் எடுத்த பிறகும், இன்னொரு பூவும் எனக்கே வேண்டும் என்று அவர் மடையை அடைத்தால், கடைமடையில் ஒரு பூ வைத்தவரின் நெல் பால் பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும். இரண்டு இடத்திலும் மேல்மடைக்காரர் சொல்லக்கூடிய பழமொழி ஒன்றேதான்: தனக்கு மிஞ்சித்தான். முதல் இடத்தில் அது நியாயம், இரண்டாம் இடத்தில் அது களவு. பிரிப்பது எது? தேவை முடிந்த கோடு. அந்தக் கோடு எங்கே என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் அடி மண்ணை வெள்ளம் அரித்துவிட்டதால், 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதில் வந்தவர்கள் 800 பேர் அளவில். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு சாலையும் துண்டிக்கப்பட்டது. மற்றவர்கள் 19-ஆம் தேதி வரை அங்கேயே இருக்க நேர்ந்தது. சுற்றிலும் தண்ணீர். கைக்குழந்தைகளும் வயதானவர்களும் பசியோடு இருந்தார்கள்.

பக்கத்திலுள்ள புதுக்குடிப் பகுதி மக்கள், வீடுகளில் இருந்த அரிசியையும் பொருள்களையும் சேர்த்துக் கோயிலில் சமைத்து, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்களும் அதே வெள்ளத்தின் நடுவில் இருந்தவர்கள்தான். கடை கிடையாது, பாதை கிடையாது, மழை எப்போது விடும் என்றும் தெரியாது. மிஞ்சியிருக்கிறதா என்று கணக்குப் பார்த்திருந்தால், மிஞ்சவில்லை என்றுதான் கணக்கு வந்திருக்கும். அவர்கள் கொடுத்தது மிச்சத்திலிருந்து அல்ல.

அப்படியானால் அவர்கள் பழமொழியை மீறினார்களா? இல்லை. "தனக்கு" என்ற சொல்லின் எல்லையை அவர்கள் விரித்தார்கள். ரயிலில் பசியோடு இருந்தவர்களும் அந்த இரண்டு நாளும் அவர்களுக்குத் தன்னவர்கள் ஆனார்கள். தன் பிள்ளைக்குச் சோறு போடும் தாய், அதைத் தானம் என்று கணக்கில் எழுதுவதில்லை. அதுபோல அந்த ஊர்க்காரர்கள் போட்ட சோறும் தனக்கு உள்ளேயே அடங்கிவிட்டது. பழமொழி நிற்க வேண்டிய உயரம் இதுதான். தனக்கு என்பதில் எத்தனை பேர் அடங்குகிறார்களோ, அவ்வளவுதான் ஒருவருடைய தர்மத்தின் அளவு.

கண்ணாடியாகப் பிடிப்பது

இனி ஒரு பழமொழி நாவில் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதைச் சொல்பவர் யார்? கேட்பவர் யார்? சொல்லி முடித்த பிறகு, அவ்விருவரில் கீழே இருப்பவர் எழுந்து நிற்கிறாரா, இன்னும் குனிகிறாரா? கீழே கிடப்பவரை எழுப்பி நிறுத்துவதே தர்மம் என்பது அய்யா காட்டிய வழி. எந்தச் சொல்லுக்கும் கடைசித் தராசு அதுதான். அந்தத் தராசில் நிற்கிற பழமொழி, எழுத்து எப்படி இருந்தாலும் நல்ல பழமொழி. நிற்காதது, எவ்வளவு பழையதானாலும், எவ்வளவு அழகான விளக்கம் சொன்னாலும், அந்த இடத்துக்கு ஆகாது.

பெரும்பாலான பழமொழிகள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது கடிவாளம். எளியவர் மேல் வீசும்போது கல். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று அடிபட்டவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது பொறுமை. அடித்தவரே அடிபட்டவரிடம் அதைச் சொன்னால் அது பரிகாசம்.

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. வணங்க வருகிறவர் அதில் காண்பது தன் முகத்தை. பழமொழியையும் அப்படியே முதலில் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பவர், அதைக் கொண்டு அடுத்தவர் முகத்தில் எறிய மாட்டார்.

அந்த வீட்டு வாசலில் பழமொழி குற்றவாளி அல்ல. கதவைச் சாத்தியது கைதான். சொலவடையைத் தாழ்ப்பாளாக்கியதும் அதே கைதான். அந்த வீட்டுக்காரர் அதைத் தன்னிடமே கேள்வியாகத் திருப்பி, "எனக்கு என்பதில் யார் யார் இருக்கிறார்கள்? தேவை எங்கே முடிந்தது? மிஞ்சியது எவ்வளவு?" என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் போதும். அந்தத் தாயின் மகள் அடுத்த மாதமும் பள்ளிக்கூடம் போவாள்.

அய்யா உண்டு.